டயாலிசிஸ் அறையில் சாட்சியாக இருப்பது: நோயின் நாட்களில் இயேசுவைப் பகிர்ந்துகொள்ள முழுமையான வழிகாட்டி

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், டயாலிசிஸ் அறையில் போகிறது. பெரும்பாலும் அதே ஷிஃப்ட், அதே படுக்கை வரிசை, பக்கத்தில் அதே முகங்கள். வெளியே வராந்தாவில் காத்திருக்கும் துணையாட்களும் அவர்களேதான். சில மாதங்களில் யார் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், யார் வீட்டில் வயலை விற்றார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இயேசுவை அறியாத மனிதர்களோடு இத்தனை நெருக்கமாக, இத்தனை காலம் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிற நம்மில் பலருக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை.

என் மனைவியோடு அந்த வராந்தாவில் நீண்ட காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் பாடு புற்றுநோயாகவோ விபத்தாகவோ கடனாகவோ இருக்கலாம். விவரங்கள் மாறும், வழி பெரிதாக மாறாது.

பேதுரு தன் முதல் நிருபத்தில், "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்று எழுதுகிறார் (3:15). கேட்கிற யாவருக்கும் என்கிறார். கேள்வி அவர்களிடமிருந்து வர வேண்டும், பதில் நம்மிடம் ஆயத்தமாக இருக்க வேண்டும். பாடுபடுகிற விசுவாசி செய்ய வேண்டியது இந்த இரண்டுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படி 1: முதலில் ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

நோய் வந்த உடனே "இதுவும் ஊழியத்துக்கு ஒரு வாசல்" என்று சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டாம். உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னாலும் அவசரப்பட வேண்டாம். பதின்மூன்றாம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருளிலேயே முடிகிறது, அதில் ஒரு துதிகூட இல்லை. இவை இரண்டும் வேதத்தில் இருக்கின்றன என்றால், அந்த மாதிரி ஜெபத்தை ஆண்டவர் கேட்கிறார் என்றுதான் பொருள்.

செய்ய வேண்டியது இது: ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு உங்கள் கோபம், பயம், "ஏன் எனக்கு" என்ற கேள்வி எல்லாவற்றையும் ஜெபமாக எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. பிறகு, நம்பிக்கையான ஒருவரிடமாவது வாய்விட்டுப் பேசுங்கள். சபை ஐயராக (போதகராக) இருக்கலாம், பழைய நண்பராக இருக்கலாம். நீண்ட கால நோயில் மனச்சோர்வு சாதாரணமாக வரும், அது விசுவாசக் குறைவு அல்ல. தூக்கமே இல்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்று தோன்ற ஆரம்பித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள் பேசும்போது கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். வலியே இல்லாததுபோலப் பேசுகிற ஒருவரிடம் வலியில் இருக்கிறவர் மனம் திறப்பதில்லை.

படி 2: அனுப்பப்பட்ட இடம் எது என்று பாருங்கள்

லேகியோன் என்ற பிசாசுகளின் கூட்டம் பிடித்திருந்து குணமான மனிதன் இயேசுவோடு படகில் வருகிறேன் என்று கெஞ்சினான். ஆண்டவர் அனுமதிக்கவில்லை. "நீ உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப்போய், கர்த்தர் உனக்கு இரங்கி, உனக்குச் செய்தவைகளையெல்லாம் அவர்களுக்கு அறிவி" என்று திருப்பி அனுப்பினார் (மாற்கு 5:19). அவனை முன்பு பார்த்தவர்கள், அவனுடைய சங்கிலிகளை அறிந்தவர்கள், அவர்களிடம்தான் போகச் சொன்னார்.

உங்கள் பாட்டை அருகிலிருந்து பார்க்கிறவர்கள் யார் என்று பெயர் எழுதுங்கள். பக்கத்துப் படுக்கைக்காரர், அவருடைய மனைவி, ஊசி குத்துகிற டெக்னீஷியன், தரை துடைக்கிற அக்கா, வழக்கமாக வருகிற ஆட்டோக்காரர். நான்கைந்து பெயர் போதும். அவர்களுக்காகத் தினமும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அவர்களுடைய அடுத்த பரிசோதனை எப்போது, பையனுக்குப் பரீட்சை எப்போது என்பதையும் அந்த ஜெபத்தில் சேருங்கள். பெயர் சொல்லி ஜெபிக்கிற ஒருவரை மறுபடி பார்க்கும்போது நாம் பேசுகிற விதமே மாறிவிடும்.

படி 3: வார்த்தைக்கு முன் கை போகட்டும்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடந்ததைக் கவனியுங்கள் (அப்போஸ்தலர் 16). பவுலும் சீலாவும் அடிபட்ட முதுகோடு, தொழுமரத்தில் கால் மாட்டியபடி, நடுராத்திரியில் ஜெபித்துப் பாடினார்கள். அது மற்றக் கைதிகளுக்குச் செய்த பிரசங்கம் அல்ல. ஆண்டவரைப் பார்த்துப் பாடினார்கள், கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தபோது சிறைக்காரன் கத்தியை உருவித் தன்னைக் கொல்லப் போனான். அவனிடம் பவுல் சொன்ன முதல் வார்த்தை, "நீ உனக்குக் கெடுதி ஒன்றும் செய்துகொள்ளாதே; நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்." முதலில் உயிரைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகுதான் அவன், இரட்சிக்கப்படுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். கேள்வி அவனிடமிருந்து வந்தது.

டயாலிசிஸ் அறையில் இப்படிச் செய்ய நிறைய இருக்கிறது. புதிதாக வருகிறவர் பயத்தில் இருப்பார். முதல் நாள் கையில் ஊசி ஏறும்போது என்ன ஆகும், கால் தசை பிடித்தால் யாரைக் கூப்பிட வேண்டும், ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அறுவை சிகிச்சையில் இணைத்த ரத்தக்குழாய்) போட்ட கையில் ஏன் யாரும் ரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது என்பதையெல்லாம் ஏற்கெனவே அனுபவித்தவர் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். உணவு விஷயம் இன்னும் முக்கியம். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்புக்கே ஆபத்து. அதனால் வாழைப்பழம், இளநீர், பழச்சாறு எல்லாம் இந்த நோயாளிகளுக்கு ஆகாது, அல்லது மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் கூடாது. சபையிலிருந்து பார்க்க வருகிறவர்கள் அன்போடு ஒரு சீப்புப் பழமும் இரண்டு இளநீரும் வாங்கி வருவார்கள். முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தண்ணீருக்கும் அளவு உண்டு. தாகத்தில் தவிக்கிறவர் முன்னால் உட்கார்ந்து டீ குடிக்காமல் இருப்பதுகூட ஒரு மரியாதை.

அப்புறம் காகித வேலை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு, ஆனால் அட்டை இல்லாமல் சொந்தக் காசைக் கரைத்துக்கொண்டிருக்கிற குடும்பங்களை இன்னும் பார்க்கலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு ஒருவரைக் கூட்டிப் போவது அரை நாள் வேலை. அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பது கூடப் போகிறவருக்குத்தான் தெரியும். ஒரே ஊர்ப் பக்கம் போகிறவர்கள் ஆட்டோவைப் பகிர்ந்துகொள்வது, துணைக்கு ஆள் இல்லாதவருக்குச் சாப்பாடு வாங்கி வந்து கொடுப்பது, இப்படி எத்தனையோ.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இதைத் தூண்டிலாகச் செய்யாதீர்கள். கடைசிவரை இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவருக்கும் இதே உதவி, இதே அளவில் போக வேண்டும். நல்ல சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனிடம் எந்த நிபந்தனையும் வைக்கவில்லை.

படி 4: சாட்சியை ஒரு பக்கத்தில் எழுதி ஆயத்தமாக்குங்கள்

கேள்வி வரும்போது நர்ஸ் பக்கத்தில் நிற்பார், மெஷின் அலாரம் அடிக்கும், இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. அதனால் எழுதிப் பார்ப்பது அவசியம். சபையில் சாட்சி சொல்லும் முறையை அப்படியே எடுத்து வராதீர்கள். நமக்குப் பழகிப்போன பல சொற்கள் வெளியே இருக்கிறவர்களுக்குப் புரியாது.

நான்கு விஷயம் இருந்தால் போதும்: என்ன நடந்தது, அப்போது நீங்கள் உண்மையில் எப்படி இருந்தீர்கள், இயேசு உங்களுக்கு யாராக இருந்தார், இன்னும் எது சரியாகவில்லை. நான்காவதை நம்மில் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறோம். எனக்கு அதுதான் மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரு மாதிரி தருகிறேன்:

"கிட்னி ரெண்டும் போயிடுச்சுன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு நான் ரொம்ப உடைஞ்சு போயிட்டேன் அண்ணே. பிள்ளைங்க முகத்தைப் பார்க்கவே முடியலை. கடவுள் மேல கோபமா இருந்துச்சு, அதையும் அவர்கிட்டயே சொன்னேன். இயேசுவும் பாடுபட்டவர், அழுதவர். என் வலி அவருக்குத் தெரியும்னு பைபிள்ல படிச்சது அப்போதான் மனசுல இறங்குச்சு. தனியா இல்லைன்னு ஒரு தைரியம் வந்துச்சு. நோய் இன்னும் அப்படியேதான் இருக்கு. சில ராத்திரி பயமாத்தான் இருக்கு. ஆனா கூட ஒருத்தர் இருக்காருன்னு தெரிஞ்சு பயப்படுறது வேற."

இதில் வேத வசனம் ஒன்றுகூட நேரடியாக இல்லை. தேவையானால் அடுத்த பேச்சில் வரும். யோவான் 9-இல் பார்வை பெற்ற மனிதனைப் பரிசேயர்கள் மடக்கி மடக்கிக் கேட்டபோது, "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்றான். தெரிந்ததைச் சொன்னான், தெரியாததை இட்டுக்கட்டவில்லை.

எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் கதையில் உங்கள் துணையும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கல்யாண வயதில் மகள் இருக்கும்போது அம்மாவின் நோய் பற்றி யூடியூபில் நேரலையாகப் போகிற சபைக் கூட்டத்தில் பேசலாமா என்பதை அந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

படி 5: கேள்விக்குக் காத்திருங்கள், வந்தால் தவறவிடாதீர்கள்

கேள்வி "உங்கள் விசுவாசம் என்ன" என்ற உருவத்தில் வராது. "எப்படிக்கா சிரிச்சுக்கிட்டே வர்றீங்க?" என்று வரும். "உங்க ஆளுங்க வாரம் தவறாம வந்து பார்க்கிறாங்களே, சொந்தக்காரங்களா?" என்று வரும். சில நேரம் கோபமாக வரும்: "கடவுள்னு ஒருத்தர் இருந்தா இந்தச் சின்னப் பையனுக்கு ஏன் இந்த நோய்?" இவை எல்லாமே வாசல்தான்.

முதல் இரண்டு கேள்விக்கும் எழுதி வைத்ததில் ஒரு பகுதியைச் சொன்னால் போதும், சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் மேலும் கேட்டால் மேலும் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு விளக்கம் கொடுக்க முயலாதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் யோபுவை நோகடித்தார்கள். "எனக்கும் அதுதான் கேள்வி தம்பி, நானும் அவர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பது நேர்மையான பதில்.

நேரமும் பார்க்க வேண்டும். டயாலிசிஸின் கடைசிப் பகுதியில் பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும், தசை பிடிக்கும், வாந்தி வரும். முடிந்து எழுந்த பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருக்கும். ஆரம்ப நேரத்தில் பேசுங்கள். தொற்றுக்கு இடம்கொடுக்கக் கூடாது என்பதால் பல இடங்களில் துணையாட்களை உள்ளே விடமாட்டார்கள். அந்த விதியை மீறாதீர்கள். பாரம் சுமக்கிற இன்னொரு கூட்டம் வராந்தாவில் இருக்கிறது. அவர்களிடம் யாரும் நலம் விசாரிப்பதே இல்லை.

படி 6: இவற்றைச் சொல்லவே வேண்டாம்

"இது பாவத்தினால் வந்தது", "குடும்ப சாபம்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பக்கத்துப் படுக்கைக்காரரே "போன ஜென்மத்துல என்ன பாவம் செஞ்சேனோ" என்று புலம்புவார். பிறவிக்குருடனைப் பார்த்துச் சீடர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார் இயேசு (யோவான் 9:3). குற்ற உணர்வில் நொறுங்கிக் கிடக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய நற்செய்தி என்று யோசித்துப் பாருங்கள்.

"விசுவாசித்தால் குணமாகிவிடும், மாத்திரையை நிறுத்துங்கள்" என்பது பாவம் என்றே சொல்வேன். டயாலிசிஸ் சில முறை தவறினாலே உயிர் போகலாம். ஆண்டவர் குணமாக்க வல்லவர் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அவர் தராத வாக்குறுதியை அவர் பெயரில் கொடுக்க எனக்கோ உங்களுக்கோ அதிகாரம் இல்லை. அவர்கள் கும்பிடுகிற தெய்வத்தை, கையில் கட்டியிருக்கிற கயிற்றை, நெற்றியில் இட்ட திருநீற்றைக் குறைசொல்வதும் வேண்டாம். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்று பேதுரு சொன்னது அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையையும் சேர்த்துத்தான்.

படி 7: ஜெபம் செய்யும் முறை

"உங்களுக்காக இயேசுகிட்ட ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால், "சரி, வீட்டுல இருந்து பண்ணிக்கிறேன்" என்று விட்டுவிடுங்கள். சம்மதித்தால் மெதுவான குரலில், அவர் பெயர் சொல்லி, அவர் கேட்ட காரியத்துக்காக, அரை நிமிடத்தில் முடியுங்கள். அடுத்த படுக்கையில் தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாது. ஃபிஸ்டுலா உள்ள கையைப் பிடித்து அழுத்தாதீர்கள், அந்த ரத்தக்குழாய்தான் அவருக்கு உயிர்நாடி. குழாய்கள் மாட்டியிருக்கும் இடத்தில் எண்ணெய் பூசுவதும் வேண்டாம். அடுத்த வாரம் மறக்காமல், "அந்த ரிப்போர்ட் என்ன ஆச்சு?" என்று விசாரியுங்கள்.

படி 8: சட்டமும் மருத்துவமனை விதியும்

அரசியலமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்புவது என்றால் கொள்கையை எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று விளக்கியது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. வேறு பல மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டங்கள் உண்டு. வேலைக்காக வெளி மாநிலத்தில் இருக்கிறவர்கள் அங்குள்ள நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். வார்டில் துண்டுப்பிரதி விநியோகிக்க வேண்டாம். நோயாளியின் படத்தையோ ரிப்போர்ட்டையோ வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் போட வேண்டாம். அவர் கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு இவை எதுவும் தடையில்லை.

படி 9: குணமானாலும் ஆகாவிட்டாலும்

சிலருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும். வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பார்கள். அங்கே பேசும்போது ஒரு கவனம் வேண்டும். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம் என்றால், உங்கள் சந்தோஷ நாள் இன்னொரு வீட்டின் துக்க நாள். "கர்த்தர் எனக்காக ஒரு கிட்னியை ஆயத்தம் பண்ணினார்" என்று மேடையில் சொல்வது அந்த வீட்டார் காதில் எப்படி விழும்? அவர்களுடைய தியாகத்துக்கு நன்றி சொல்லி, அவர்களுக்காகவும் ஜெபியுங்கள். பழைய ஷிஃப்டில் இன்னும் காத்திருப்பவர்களைப் போய்ப் பாருங்கள். அங்கே உங்கள் வெற்றியைப் பேசாமல், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

பலருக்குக் கிடைக்காது. அவர்களுடைய சாட்சி குறைந்தது அல்ல. வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். கால் திரும்ப வரவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாடு போய்ப் பயிற்சி பெற்று வந்து, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டி எழுப்பினார். முதுகு உடைந்து, இனி என்ன வாழ்க்கை என்று படுத்திருந்த நோயாளிகளின் முன் சக்கர நாற்காலியில் வந்து நின்ற டாக்டர் அவர். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து காயப்பட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார். அந்த அறையிலிருந்து மற்ற நோயாளிகளுக்கு எழுதினார். சுகமாக இருக்கிறவர் நோயாளிக்கு எழுதுவதற்கும், ஒரு நோயாளி இன்னொரு நோயாளிக்கு எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் படுத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும்.

தன் மாம்சத்தில் ஒரு முள் என்று பவுல் சொன்ன பாடு, அவர் மூன்று முறை வேண்டிக்கொண்டும் எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12:9). முள்ளோடு வாழ்ந்தவர் எழுதிய நிருபங்களைத்தான் இன்றும் நாம் ஆலயத்தில் வாசிக்கிறோம்.

படி 10: இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டால்

மாற்கு சுவிசேஷத்தைக் கொடுங்கள். பதினாறே அதிகாரம், நான்கு சுவிசேஷங்களில் சிறியது, நோயுற்றவர்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள். கண் பார்வை குறைந்தவர்களுக்கு, அதுவும் சர்க்கரை நோயால் சிறுநீரகம் போனவர்களில் பலருக்கு, படிப்பது கஷ்டம். அவர்களுக்கு ஆடியோ பைபிளைப் போனில் ஏற்றிக் கொடுங்கள். ஹெட்போனும் வாங்கிக் கொடுங்கள். ஒரு வாரத்துக்கு இரண்டு அதிகாரம் கேட்கட்டும். அடுத்த முறை "எது பிடிச்சிருந்துச்சு, எது புரியலை?" என்று கேட்டுப் பேசுங்கள். சபைக்கு வர ஆசைப்பட்டால் ஐயரிடமோ பாஸ்டரிடமோ முன்கூட்டியே சொல்லி, அவருடைய உடல்நிலையை விளக்கி வையுங்கள். ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்தாதீர்கள். அது அவர் நிதானமாக, தன் வீட்டாரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு.

கேட்காமலே போகிறவர்களும் உண்டு. ஒரு நாள் ஷிஃப்டுக்குப் போகும்போது பக்கத்துப் படுக்கை மாறியிருக்கும். துக்க வீட்டுக்குப் போங்கள், பிரசங்கம் செய்யாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பதினாறாம் நாள் முடிந்ததும் உறவினர் கூட்டம் கலைந்துவிடும். அதற்குப் பிறகுதான் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், விதவை உதவித்தொகை விண்ணப்பம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக அந்தப் பெண் முன்னால் வந்து நிற்கும். அந்த வாரத்தில் போன் செய்து, "தங்கச்சி, எந்த ஆபீசுக்குப் போகணும்? நாங்க கூட வர்றோம்" என்று சொல்லுங்கள். பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.